அண்ணன் முறையில் தம்பியின் எண்

குன்றின் மேல் வேலூன்றி நின்று கொங்கு நாட்டின் மேட்டையும் பள்ளத்தையும் ஒருசேர நோக்கும் குமரப்பெருமானே, கலங்கிய என் நினைவைத் தெளிவித்து, பிழையைப் பிழையென்றே எழுதும் நேர்மையை என் விரல்களுக்குத் தருக. தெளிவு கிட்டாத இடங்களில், தெளிந்தவன் போல் நடிக்கும் ஆசையிலிருந்தும் காத்தருள்க.

இன்று தை மாதத்துக் கிருத்திகை, வெள்ளிக்கிழமையும் கூடியிருக்கிறது. பெரியநாயக்கன்பாளையத்தில் என் வீட்டுப் பூசையறையில் விளக்கேற்றி, வழக்கமாக ஓதும் பதிகங்களை ஓதி முடித்த கையோடு இதை எழுதத் தொடங்குகிறேன். உழவர் கையில் கைபேசியையும் கருவியையும் கொண்டு சேர்க்கும் பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கையரே, உங்கள் பயிற்சிக் கையேட்டில் கருவிகளைப் பற்றி எல்லாம் இருக்கிறது. ஆதலால் அவற்றை நான் தொடப்போவதில்லை. நான் செய்த தவறொன்றைச் சொல்கிறேன். அதிலிருந்து என்ன பாடம் எடுப்பது என்பதில் எனக்கே இன்னும் முழுத் தெளிவில்லை என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன்.

இப்பணியில் சேர்ந்த புதிதில், மழை வரும் என்று கைபேசியில் செய்தி அனுப்பினோம். மறுநாள் ஒரு விவசாயி என்னை வழிமறித்து, "ஏனுங்க சார், உங்க போன்ல நல்ல மழைங்களாமா? எங்க காட்டுக்கு எப்பங்க அனுப்பி வெப்பீங்க?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். திரையில் தெரிவது வேறு, மண்ணில் நடப்பது வேறு என்பதை அன்றே நான் கற்றிருக்க வேண்டும். கற்கவில்லை என்பதற்கு இனி வருவது சான்று.

கோபிசெட்டிபாளையத்துக்கு மேற்கே, வாய்க்கால் தண்ணீர் எட்டாத மேட்டு நிலத்தில் ஒரு கூட்டுக் கிணறு. அதற்கு உரியவர்கள் இருவர்: அண்ணன் அர்த்தநாரி, தம்பி செல்லமுத்து. அண்ணனுக்குக் கரும்பு, தம்பிக்கு நேந்திரன் வாழை. கிணறு ஒன்று, மோட்டார் ஒன்று. தண்ணீர் மட்டும் மூன்று நாளுக்கு ஒருமுறை கை மாறும். அண்ணனுக்கு மூன்று நாள், தம்பிக்கு மூன்று நாள். முறை மாறும் காலையில், முடித்தவர் மோட்டார் அறைச் சாவியை வேப்பமரத்து ஆணியில் மாட்டிவிட்டு, குழாயின் வால்வை அடுத்தவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போவார். இருவரும் பேசிக்கொண்டு பல வருடம் ஆகியிருந்தது. எதற்காகப் பேச்சு நின்றது என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஆனால் அந்த ஆணியும் வால்வும் ஒருநாளும் தவறியதில்லை.

அர்த்தநாரிக்கு மூட்டுவலி வந்தது. அவர் வீடு தோட்டத்தின் மறுகோடியில், தென்னந்தோப்புக்கு அப்பால். மோட்டார் போட ஒவ்வொரு முறையும் கிணறு வரை நடக்க அவரால் முடியவில்லை. அங்கேதான் நான் நுழைந்தேன். கைபேசியில் அழைத்தால் மோட்டாரை இயக்கும் ஸ்டார்ட்டர் ஒன்றை மோட்டார் அறையில் பொருத்தினேன். பதிவு செய்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் மோட்டார் ஓடும். பதிவில்லாத எண்ணுக்கு அது அசையாது. எந்த எண், எந்த நேரத்தில் மோட்டாரைப் போட்டது என்ற பட்டியல் என் கைபேசிக்கு வந்துவிடும். மூத்தவர் என்பதால் அர்த்தநாரியின் எண்ணை முதலில் பதிந்தேன்; மின் இணைப்பும் அவர் பெயரில்தான் இருந்தது. இரண்டாவதாகச் செல்லமுத்துவின் எண். வால்வைக் கையால் திருப்புவது மட்டும் பழையபடி நடந்தது; சாவிக்கு வேலை இல்லாமல் போயிற்று. அர்த்தநாரி அதை எடுத்துத் தம் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். ஆணி வெறுமையானதை நான் பார்த்தேன். வெற்றி என்று நினைத்தேன்.

சில மாதம் கழித்து, பங்குனி வெயிலில், அவ்வூர்ப் பால் சொசைட்டிக் கட்டிடத்தில் ஒரு கூட்டம் வைத்தோம். மற்ற விவசாயிகளுக்கும் இக்கருவியைக் காட்டிப் புரியவைப்பது நோக்கம். சுவரிலிருந்த தொலைக்காட்சித் திரையில் என் கைபேசிப் பட்டியலை விரித்து, "இனி யார் எப்போது தண்ணீர் எடுத்தார் என்பதில் மறைவு இல்லை, ஐயம் இல்லை" என்று பெருமிதத்தோடு பேசினேன்.

முன்வரிசையில் ஒருவர் கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தார். "ஏனுங்க சார், போன திங்கக்கெழமை அர்த்தநாரியண்ணன் மொறைங்களே? அங்க செல்லமுத்து நெம்பர் நிக்குதுங்களே?"

நான் விரலால் பட்டியலை மேலே தள்ளினேன். மறுபடியும் அண்ணன் முறை, மறுபடியும் தம்பியின் எண். எண்ணிப் பார்த்தபோது பதினொரு தடவை.

"பரவாயில்லீங்க சார், உங்க மெசினு திருட்டுக்கும் ரசீது குடுக்குதுங்க!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பலை எழுந்தது.

அர்த்தநாரி சிரிக்கவில்லை. மெல்ல எழுந்தார். தம்பியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினார். "பேச்சு வார்த்தை இல்லாட்டியும் தண்ணியில நாயம் இருக்குதுன்னு நெனச்சுட்டு இருந்தேனுங்க சார். அதும் இல்லீன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

செல்லமுத்து பாய்ந்து எழுந்தார். "நான் போடவே இல்லீங்க! என்ர கொலதெய்வத்துக் கோயில்ல சூடம் அணைச்சுச் சத்தியம் பண்றேனுங்க. ஒரு நாள்கூட நான் அவரு மொறையில கை வெச்சதில்லீங்க!"

"அப்பறம் உன்ர போன் தானா நடந்து போயிப் போட்டுதாப்பா?" என்று கேட்டார் முன்வரிசைக்காரர்.

தம்பி தங்கையரே, அந்தக் கணத்தை உங்கள் கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் எரியும் கற்பூரத்தின் மேல் கைவைக்கத் துணியும் ஒரு மனிதன். மறுபக்கம் பொய் சொல்லத் தெரியாத ஒரு திரை. நாள்தோறும் இறைவன் சந்நிதியில் கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நான் எதை நம்பினேன்? திரையை நம்பினேன்.

அர்த்தநாரி என் அருகில் வந்தார். "சார், லைன் என்ர பேருல. மெசின்ல மொத நெம்பர் என்ரது. அவன் நெம்பர எடுத்துப்போடுங்க. இப்பவே."

விதிப்படி அவருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் செல்லமுத்துவின் வாழை குலை தள்ளி நின்றது. பங்குனிக் காற்றும் வெயிலும் சேர்ந்த அந்நாட்களில் தண்ணீர் தப்பினால் குலை பருக்காது. வாட்டங்கொண்ட மரம் காற்றில் முறியும். ஓராண்டு உழைப்பும் அதோடு விழும். இது எனக்குத் தெரியும். "இரண்டு நாள் பொறுங்கள், விசாரிக்கிறேன்" என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. ஆனால் இருபது பேர் என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சற்று முன்புதான் ஐயம் இல்லை என்று முழங்கியிருந்தேன். அந்த எண்ணை நீக்கினேன். செல்லமுத்து, கொண்டுவந்திருந்த பால் கேனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அன்று அண்ணனின் முறை தொடங்கிய நாள். மூன்று நாள் கழிந்தது. நான்காம் நாள் காலை அர்த்தநாரியிடமிருந்து அழைப்பு.

"சார், உங்க மெசின் கெட்டுப்போச்சுங்க. மூணு நாளும் கரண்ட் இருந்துதுங்க. நானும் போன் போட்டுட்டே இருந்தேன். கரும்புக்குச் சொட்டுத் தண்ணி வரலீங்க. மொறையும் முடிஞ்சுபோச்சு."

திருடியவரை நீக்கினால் உரியவருக்குத் தண்ணீர் பெருக வேண்டும். இங்கே உரியவருக்கே நின்றுவிட்டது. என் கைபேசியிலிருந்து கருவியைச் சோதித்தேன், பழுதில்லை. பட்டியலைத் திறந்தேன், மூன்று நாளும் வெறுமை. யாரும் மோட்டாரைப் போடவில்லை.

எங்கள் அலுவலகத்தில் எனக்கு மூத்தவராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மையார் உண்டு. அதிகம் பேசமாட்டார்; பேசினால் கேள்வியாகத்தான் பேசுவார். பேருந்தில் போகும்போதே அவரை அழைத்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

"மோட்டாரை யாரு போட்டாங்கன்னு சொல்றீங்க. சரி. அந்தப் பதினோரு நாளும் தண்ணி எங்க போச்சுங்க?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க அம்மா."

"வால்வு எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு பாத்தீங்களா?"

நான் பட்டியலை மட்டும்தான் பார்த்திருந்தேன்.

அண்ணன் முறையில் வால்வு அண்ணன் பக்கம்தான் திரும்பியிருக்கும். அந்நிலையில் மோட்டாரை யார் போட்டாலும் தண்ணீர் கரும்புக்குத்தான் போகும்; வாழைக்கு ஒரு துளியும் போகாது. வேளாண்மை தெரிந்த எவருக்கும் இது தெரியும். கூட்டத்திலிருந்த இருபது பேருக்கும் தெரியும். ஆனால் திரை எல்லோர் கண்ணையும் இழுத்துக்கொண்டது. இன்னொன்றும் இருந்தது. பட்டியலை மீண்டும் பார்த்தேன். அந்தப் பதினொரு நாட்களில் அர்த்தநாரியின் எண்ணிலிருந்து ஓர் அழைப்புகூட இல்லை. திரையில் இருந்ததை எல்லோரும் பார்த்தோம். இல்லாததை ஒருவரும் பார்க்கவில்லை.

அப்படியானால் கருவிக்கு எட்டாத அழைப்புகளை அவர் எங்கே அனுப்பிக்கொண்டிருந்தார்? தம்பியின் எண் ஏன் அண்ணனின் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சியது? தாம் போடவில்லை என்று தம்பி ஏன் சூடம் அணைக்கத் துணிந்தார்? ஒரு முடிச்சு அவிழ்ந்த இடத்தில் மூன்று விழுந்தன.

நேரங்களை உற்றுப் பார்த்தேன். பதினொன்றும் காலையில், செல்லமுத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகும் வேளை. அவ்வேளையில் அவர் கைபேசி வீட்டில் சார்ஜில் கிடக்கும் என்பது, அவரை அழைத்துப் பலமுறை ஏமாந்த எனக்குத் தெரியும்.

நேரே அவர் வீட்டுக்குப் போனேன். அது கிணற்றுக்கு மிக அருகில். அவர் இல்லை; டிராக்டர் டேங்கரில் தண்ணீர் கேட்டு வரப் பெருந்துறைப் பக்கம் போயிருந்தார். வாழை இலைகள் வெயிலுக்கு மடங்கித் தொங்கின. அவர் மனைவி சரசு, மாட்டுக் கொட்டகையில் காய்ந்த தண்ணீர்த் தொட்டியைச் சுரண்டிக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். தண்ணி குடிக்கிறீங்களா? பயந்துக்காதீங்க, தொட்டித் தண்ணி இல்ல, பானைத் தண்ணி."

குடித்தேன். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நேராகவே கேட்டேன். "அம்மணி, பெரியவர் முறையில் மோட்டாரைப் போட்டது நீங்களா?"

அவர் கையிலிருந்த தேங்காய் நார் நின்றது. பிறகு மறுபடியும் தேய்க்கத் தொடங்கினார்.

"கரண்ட் வந்தா ஊட்டுல பல்பு எரியுமுங்க. மோட்டார்ச் சத்தம் கேக்கோணும். கேக்கலீன்னா, அவரு போன்ல ஒரு அமுக்கு அமுக்கிவுடுவேனுங்க. அவ்வளவுதான்."

"பெரியவர் கரும்பு காயக் கூடாதென்றா?"

"கரும்புக்கென்னங்க! மச்சாண்டார் தோட்டத்துக்குப் போற கொழாயில இருந்துதான் இந்தத் தொட்டிக்கு ஒரு கிளை வருதுங்க. அவரு மொறையில மோட்டார் ஓடலீன்னா என்ர மாடு என்னத்தக் குடிக்கும்?"

"கூட்டத்தில் நடந்ததைக் கேள்விப்பட்டும் ஏன் சொல்லவில்லை?"

இப்போது என்னை நிமிர்ந்து பார்த்தார். "சொன்னா என்னாகுமுங்க? எங்கூட்டுக்காரருக்குத் தெரிஞ்சா, 'பேசாத ஆளுக்கு நீ எதுக்குத் தண்ணி பாச்சறே'ம்பாரு. மச்சாண்டாருக்குத் தெரிஞ்சா, 'அவிய போட்ட தண்ணி எனக்கு வேண்டாம்'பாரு. ரண்டும் ரோசக்காரங்க. கரும்பும் வாழையும் என்னங்க பாவம் பண்ணுச்சு? நீங்களும் சொல்லிப்போடாதீங்க சார். சத்தியமாச் சொல்லுங்க."

வாழை வாடி நிற்க, வீட்டுக்காரரைத் திருடன் என்று ஊர் சொல்ல, அப்போதும் அவர் கேட்டது அது ஒன்றுதான். நான் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்தபிறகே, வாழையைக் காப்பாற்ற என் கையிலிருந்த ஒரே வழியை அடைத்துவிட்டேன் என்று உணர்ந்தேன்.

தென்னந்தோப்பைக் கடந்து அர்த்தநாரி வீட்டுக்கு நடக்கையில் என் மனம் காலையில் ஓதியவற்றையே முணுமுணுத்தது. வேண்டுமுன் கொடுப்பவனே, கொடுத்ததை மறைப்பவனே என்று எத்தனை ஆண்டு உருகியிருக்கிறேன்! அப்படி ஒரு கொடை என் பட்டியலில் பதினொரு தடவை வந்து நின்றபோது, அதற்குத் திருட்டு என்று பெயரிட்டேன். ஆனால் அது கொடையா, மாட்டுத் தொட்டியா? அதிலும் எனக்குத் தெளிவில்லை.

அர்த்தநாரியிடம் கைபேசியை வாங்கிப் பார்த்தேன். அதில் இரண்டு சிம் இருந்தன.

"இது எப்போது போட்டது?"

"சந்தையில குடை விரிச்சு வித்துட்டு இருந்தானுங்க சார். ஆபர்ன்னான். அதுலதான் இப்பப் பேசறேன். பழசுல கூப்புடறவங்க கூப்புடுவாங்க, அதுக்கு அது கெடக்குது."

புதிய எண் கருவியில் பதிவாகவில்லை. அவர் ஒவ்வொரு முறையும் அதிலிருந்து அழைத்திருக்கிறார். மணி ஒலித்து அடங்கியிருக்கிறது. மோட்டார் ஓடிவிட்டதென்று நம்பியிருக்கிறார். கரும்பில் தண்ணீரும் வந்திருந்தது. ஆதலால் ஐயுற அவருக்குக் காரணமே இல்லை.

"ஐயா, கிணறு வரைக்கும் நடக்க முடியுமா?" என்று கேட்டேன். மூட்டைப் பிடித்துக்கொண்டே வந்தார். வால்வு இன்னும் கரும்புப் பக்கமே இருந்தது. முறை மாறியும் திருப்பப்படவில்லை. அதைக் காட்டி, எனக்குத் தெரிந்தவற்றில் இரண்டை மட்டும் சொன்னேன்.

"அந்தப் பதினோரு நாளில் உங்கள் அழைப்பு ஒன்றுகூடக் கருவிக்குப் போகவில்லை. உங்கள் முறையில் வால்வு உங்கள் பக்கம்தான் இருந்தது. இதற்குமேல் என்னைக் கேட்காதீர்கள் ஐயா, வாக்குக் கொடுத்திருக்கிறேன்."

"மோட்டார் ஓடுச்சுங்களே. அந்தத் தண்ணி..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். வால்வைப் பார்த்தார். கரும்பைப் பார்த்தார். பிறகு அவர் பார்வை தம்பி வீட்டுக் கொட்டகைக்குப் போனது. சரசு, கணவரின் அண்ணன் வருவதைக் கண்டு, வழக்கப்படி கொட்டகைத் தூணுக்குப் பின்னால் விலகி நின்றார். சேலைத் தலைப்பு மட்டும் தெரிந்தது. அருகே காய்ந்த தொட்டி. அதை நக்கிப் பார்த்து ஏமாந்த ஒரு மாடு.

அர்த்தநாரி குனிந்து, வால்வை வாழைப் பக்கம் திருப்பினார். அரைஞாண் கயிற்றிலிருந்த சாவியை அவிழ்த்து, மோட்டார் அறையைத் திறந்து, தம் கையாலேயே பொத்தானை அழுத்தினார். தண்ணீர் வாழைக்குள் ஓடும் ஓசை கேட்டது. சாவியை வேப்பமரத்து ஆணியில் மாட்டினார்.

"அவன் நெம்பரப் போட்டுருங்க சார்."

"போடுகிறேன் ஐயா."

"இன்னொரு நெம்பரும் போடோணும். அந்த அம்மணிதுங்க. எனக்கு அது தெரியாது. நாங்க பேசிக்கறது இல்லீங்க."

"அவரிடம் கைபேசியே இல்லை ஐயா," என்றேன். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்ததா, நான்தான் அப்படி நினைத்துக்கொண்டேனா? தம் கைபேசியின் பின்மூடியைக் கழற்றினார். சந்தையில் வாங்கிய அந்தப் புதிய சிம்மை நகத்தால் நெம்பி எடுத்து, பையிலிருந்த திருநீற்றுக் காகிதத்தில் மடித்தார்.

"ஊட்டுல பழைய போன் ஒண்ணு சும்மாக் கெடக்குதுங்க. இதப் போட்டு அங்க குடுத்துருங்க. குடுத்தது யாருன்னு சொல்ல வேண்டாம். மெசின்ல இந்த நெம்பர மொதல்ல வெய்யுங்க. என்ரத அப்பறம் வெய்யுங்க."

அப்படியே செய்தேன். சரசு கைபேசியையும் அந்தக் காகிதத்தையும் வாங்கும்போது, "யாருங்க குடுத்தாங்க?" என்று கேட்டார். சொல்லக் கூடாதென்று கட்டளை என்றேன். காகிதத்தில் ஒட்டியிருந்த திருநீற்றைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டாரேயன்றி, மறுபடி கேட்கவில்லை. வாழை தப்பியது. பால் சொசைட்டியில் மறுமுறை எல்லோர் முன்னும் எழுந்து நின்று, செல்லமுத்து எதையும் திருடவில்லை, பட்டியலை நான் தவறாகப் படித்தேன் என்று சொன்னேன். "அப்பப் போட்டது யாருங்க?" என்று அவர்கள் கேட்டபோது, தண்ணீர் போன இடத்தை மட்டும் சொன்னேன். கரும்புக்கு என்றதும் அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. செல்லமுத்து தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு எப்போது, எவ்வளவு விளங்கியது என்று எனக்குத் தெரியாது.

நான் ஓய்வு பெறும் வரை அந்தப் பட்டியல் என் கைபேசிக்கு வந்துகொண்டிருந்தது. அண்ணன் முறையிலும் சரசு கைக்குப் போன அந்த எண், தம்பி முறையிலும் அந்த எண். அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டதாக நான் கேள்விப்படவில்லை. அலுவலக அறிக்கையில் முதல் எண்ணுக்கு எதிரே உரிமையாளர் பெயர் என்றொரு கட்டம் இருந்தது. அதில் என்ன எழுதுவதென்று விளங்காமல், கடைசி அறிக்கை வரை வெறுமையாகவே விட்டேன். அர்த்தநாரி தம் கையால் மோட்டாரைப் போட்ட அந்த ஓட்டத்துக்கோ எந்த எண்ணும் பதிவாகவில்லை. பட்டியலைப் பொறுத்தவரை அன்று வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சியவர் எவரும் இல்லை.

கொடுத்த வாக்கை நான் காத்தேனா, மீறினேனா? பெயரைச் சொல்லவில்லை, ஆனால் கண்ணால் பார்க்கும் இடத்துக்கு அழைத்துப் போனேன். பலமுறை சந்நிதியில் நின்று கேட்டிருக்கிறேன். விடை வரவில்லை. உங்களுக்கு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது சிறிதே. எண்ணை நீக்குவதற்கு முன் எழுந்து போய் வால்வைப் பாருங்கள். பலர் உங்கள் விரலைப் பார்க்கும்போது அந்த விரலை மடக்கிக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கும் உங்கள் அனைவருக்கும், நீங்கள் கால்வைக்கும் தோட்டங்களுக்கும், வேப்பமரத்து ஆணியில் தொங்கும் ஒவ்வொரு சாவிக்கும், தூணுக்குப் பின்னால் விலகி நிற்கும் ஒவ்வொருவருக்கும் குமரன் அருள் குறைவின்றிச் சேர்க. உங்கள் கிணறுகள் ஊறுக, தொட்டிகள் நிறைக, நீங்கள் அறியாமல் உங்களுக்குத் தண்ணீர் பாய்ச்சுவோர் நீடு வாழ்க.